மாற்றல் வேண்டாம்

மாற்றல் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. ஹவுரா படகில் என் எதிரே அமர்ந்திருந்த தமிழ்த் தம்பதியின் மனுவுக்கு வயது ஒன்று.

“ஏங்க, சென்னை மாற்றல் வந்துடவே கூடாது,” என்றாள் மனைவி.

“நீதானேடி கேக்கச் சொன்ன?”

“அது ஜனவரில. அப்புறம் ஆபரேஷனாகிப் படுத்தேனே! சொந்தக்காரங்க ஃபோன்ல விசாரிச்சாங்க. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, நம்ம பௌதிதான் மீன் படாத புதுச் சட்டி வாங்கி, நமக்குன்னு தனியா சமைச்சுக் குடுத்தாங்க. வர்ற பிப்ரவரில அவங்க மக கல்யாணம். வாசக்கோலம் என் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்.”

“சரி, வாபஸ் வாங்கிடறேன்.”

அதற்கும் தனி மனு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணவரின் ஃபோனில் செய்தி வந்தது. படித்துவிட்டுச் சிரித்தார்.

“நிராகரிச்சுட்டாங்கடி!”

“அந்த ஆபீஸு நல்லா இருக்கணும்,” என்று கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

பதில் வந்த தேதி டிசம்பர் முப்பத்தொன்று; நிலுவைக் கோப்புகளை வருடக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும் என்பதும் விதி.