உபரின்னு எழுதின கட்டில்

— நீங்க தலைகீழா நின்னாலும் எந்திரிக்க மாட்டேன், அண்ணி. மொதல்ல இந்தக் கட்டில் கால்ல என்ன எழுதியிருக்குன்னு வாய்விட்டுப் படிங்க.

— எழுதினவளுக்குத் தெரியாதா? உபரின்னு எழுதியிருக்கு. நகரு, சாமான் கட்டுற கயிறு உனக்கு அடியில மாட்டியிருக்கு.

— ஆக, எழுதினது நீங்கதான்! பாத்ததுமே நெனச்சேன். எங்க அண்ணன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இது முத்து முத்தா இருக்கு.

— நான்தான் எழுதினேன். அதுக்கென்ன இப்ப?

— அதுக்கென்னவா? நான் படுக்கிற கட்டில் அண்ணி இது! இந்த முட்டியை வெச்சுக்கிட்டுத் தரையில உக்காந்தா, தூக்கி விட ரெண்டு ஆள் வேணும் எனக்கு. புது வீட்டுல என்னை எங்க படுக்கச் சொல்லப் போறீங்க? சொல்லுங்க பாப்போம்.

— புது வீட்டுல ரெண்டு ரூம்தான்.

— எனக்கா தெரியாது? ஒண்ணு உங்க ரெண்டு பேருக்கு. இன்னொண்ணு எனக்கு. அதுல இந்தக் கட்டில் தாராளமாப் போகும்.

— நீ போய்ப் பாத்தியா?

— படி ஏற முடியாதேன்னு போகல. அண்ணன் சொன்னாரு.

— என்ன சொன்னாரு? கட்டில் போகும்னாரா?

— பாக்கலாம்னாரு.

— ஆகட்டும். கொஞ்சம் நகரு. வண்டி வர்ற நேரமாச்சு.

— நகர மாட்டேன்னு சொல்றேன்ல! அது என்ன, அந்த வார்த்தை மேல அவ்வளவு ஆசை உங்களுக்கு?

— வார்த்தை என்னோடது இல்ல. உங்க அண்ணன் குடோன்லேர்ந்து கொண்டாந்தது.

— அவரு ஸ்டோர் கீப்பர். ஆர்டருக்கு மேல வந்த நட்டையும் போல்ட்டையும் உபரின்னு ஒதுக்கி வெக்கிறது அவர் வேலை. ஆளுக்கு அந்தப் பேரை வெச்சது நீங்க.

— நானா? கல்யாணமான புதுசுல இன்னொரு டம்ளர் காபி ஊத்திக்கிட்டேன். உபரின்னாரு. விருந்துக்கு வந்திருந்த நீ விழுந்து விழுந்து சிரிச்சே.

— தமாஷுக்குச் சொன்னது அண்ணி அது. அதைப் போய் இத்தனை வருஷமா மனசுல வெச்சிருக்கீங்களா?

— தமாஷ்தான். அப்புறம் ரெண்டாவது லைட் எரிஞ்சா உபரி. வந்த விருந்தாளி இன்னும் ஒரு நாள் தங்கினா உபரி. சாப்பாடு எப்படி இருக்குன்னு கேட்டா உபரிக் கேள்வி. எங்க அப்பா செத்து நான் அழுதுக்கிட்டு உக்காந்திருந்தேன். முன்னால வந்து நின்னு, நேத்தே அழுதாச்சே, இன்னைக்கு அழறது உபரின்னாரு. கதவோரமா நீயும்தான் நின்னே.

— அவருக்கு அழுகைன்னா ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

— பாத்தியா? இன்னைக்கும் அவருக்கு வக்காலத்து.

— என் அண்ணன், நான் பேசுவேன். நீங்க மட்டும் பெரிய யோக்கியமாக்கும்? நான் பெட்டியோட வந்து வாசல்ல நின்னேன். உள்ள வான்னு ஒரு வார்த்தை இல்ல. தட்டு மூணுதான் இருக்கு, ஒண்ணு நசுங்கிப் போச்சுன்னீங்க!

— பொய்தான் சொன்னேன். தட்டு நெறைய இருந்துச்சு.

— இதையே இவ்வளவு தெனாவட்டா சொல்றீங்களே!

— வேற எப்படிச் சொல்லணும்? அந்த ரூமைப் பிள்ளைக்குன்னு வெச்சிருந்தேன். சுவத்துக்குப் பச்சைப் பெயிண்ட் நானே அடிச்சேன், கையெல்லாம் கொப்புளம். அதுல நீ வந்து கால் நீட்டிப் படுத்துக்கிட்டே.

— உங்களுக்குப் பிள்ளை பொறக்கலைன்னா அதுக்கும் நான்தான் காரணமா?

— இல்ல. ஆனா நீ அந்த ரூம்லேர்ந்து தூங்கி வழிஞ்சுக்கிட்டு வர்றதைப் பாக்குறப்பல்லாம் வயிறு எரியும். இப்பவும் எரியுது. உன்னை எனக்குப் பிடிக்கல, பிடிச்சதும் இல்ல.

— அடேங்கப்பா! எனக்கு மட்டும் உங்களைக் கண்டா ஆகுதாக்கும்? என் தையல் மிஷினை எடைக்குப் போட்டீங்களே, அன்னைக்கே உங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். போக்கிடம் இல்லாம முழிச்சேன்.

— போட்டது நான் இல்ல. உங்க அண்ணன். கடகடன்னு சத்தம் போடுதாம், தலையணை உறை தெச்சு நீ ஒண்ணும் கோட்டை கட்டப் போறதில்லையாம். உபரின்னாரு.

— நீங்கதானே வந்து சொன்னீங்க!

— சொல்லச் சொன்னது அவரு. பின்பக்கத்து வீட்டுக்காரியோட நீ பேசிக்கிட்டிருந்ததை நிறுத்தச் சொன்னது அவரு. டிவியை உன் ரூம்லேர்ந்து எடுக்கச் சொன்னது அவரு. நீ பக்குவமா சொல்லிடு, நான் சொன்னா நல்லா இருக்காதும்பாரு. உனக்கு அவர் தங்கமான அண்ணன், நான் பொல்லாதவ.

— அப்ப உங்க வாய் எங்க போச்சு? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொல்லியிருக்கலாம். உன்னை நாலு வார்த்தை பேசச் சாக்கு கெடச்சுதேன்னு இருந்துட்டேன்.

— த்தூ! இதெல்லாம் ஒரு பொழைப்பு. இருங்க, அண்ணனுக்கே போன் போடறேன்.

— போடு. காலைலேர்ந்து எத்தனை தடவை போட்டே?

— எடுக்கல. வேலையில இருப்பாரு.

— இன்னைக்கு லீவு போட்டிருக்காரு. புது வீட்டுலதான் உக்காந்திருக்காரு.

— அப்ப ஏன் எடுக்க மாட்டேங்கிறாரு?

— எங்க படுக்கிறதுன்னு நீ கேப்பேன்னுதான். ரெண்டாவது ரூம்ல மேசை போட்டு அவர் சாமானை வெக்கணுமாம். உனக்கு ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்காரு. வயசானவங்களை வெக்கிற ஹோம். வீடு மாத்துற அன்னைக்குச் சாயங்காலம் கொண்டு போய் விட்டுடலாம், நான் வர்றதுக்குள்ள நீ பக்குவமா சொல்லி முடிச்சிடுன்னு போன வாரம் எங்கிட்ட சொன்னாரு.

— வயசானவங்களா? எனக்கு முட்டிதானே வலி! பொய் சொல்றீங்க. அவருக்கு டைஃபாய்டு வந்தப்ப ராப்பகலா பக்கத்துல உக்காந்தவ நான். பொய் சொன்னா நாக்கு அழுகிடும் அண்ணி.

— அழுகட்டும்.

— பொய்னு சொல்லுங்க!

— அழாத. ஏய், இங்க பாரு. சரி, அழு.

— நீங்க என்ன சொன்னீங்க அவருக்கு?

— இதை மட்டும் என் வாயால அவகிட்ட சொல்ல மாட்டேன், உங்க தங்கச்சி, நீங்களே வந்து மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கன்னேன். நான் எதிர்த்துப் பேசினது அதுதான் மொதத் தடவை.

— அப்புறம்?

— பேச்சைக் கேக்காத பொண்டாட்டியும் அந்த வீட்டுக்கு உபரிதான், யோசிச்சுக்கோன்னாரு. திரும்பிப் படுத்துத் தூங்கிட்டாரு. கொறட்டை வேற.

— அதான் பயந்துக்கிட்டு, அவர் தள்ளறதுக்கு முன்னால நீங்களே என் கட்டில்ல எழுதிட்டீங்க. எழுதினதும் எழுதினீங்க, உங்க அப்பா நாற்காலியிலயும் எழுதியிருக்கீங்களே. ஹால்ல பாத்தேன். பெத்தவர் நாற்காலியையே விட்டுட்டுப் போறவங்களுக்கு நானெல்லாம் எந்த மூலைக்கு?

— அதையும் பாத்துட்டியா?

— பீரோவுல எழுதியிருக்கு, உங்க துணிப் பெட்டியில எழுதியிருக்கு, என் டிரங்குப் பெட்டியில எழுதியிருக்கு. எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டு அவர் பின்னாடியே போய் ஒட்டிக்கங்க! அதோ ஹாரன். அண்ணன்தான். அவர் வாயாலயே கேட்டுடறேன். அண்ணா! மேல வாங்க! அண்ணா!

— கத்தாத. உங்க அண்ணன் வண்டி மத்தியானத்துக்கு மேலதான் வரும். கீழ நிக்கிறது நான் கூப்பிட்ட வண்டி. மறுநாளே கிளினிக்ல என் வேலை முடிஞ்சு வர்ற வழியில ஒரு ரூம் பாத்தேன், கீழ்த்தளம், ஒரே ரூம். உபரின்னு நான் எழுதி வெச்சதெல்லாம் அங்கதான் போகுது, நானும்தான். சீக்கிரம் சொல்லு, கட்டிலை மட்டும் ஏத்தச் சொல்லவா, இல்ல நீயும் வரியா?