முள்ளின் மேல் ஒரு யானை

“ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது, கேக்குது. புதுச்சேரி ரெக்கார்டு கடைங்களா?... செந்தமிழன் தம்பிதானே? விருத்தாசலத்துலருந்து சொர்ணாம்பா பேசுறேன். காலையில போனு போட்டேனே, ஆளுங்க நிக்கிறாங்க, மத்தியானம் பேசுங்கன்னீங்களே... அதேதான், அதேதான். ரெக்கார்டு பொட்டியில முள்ளு குதிக்கிற வூடு!”

சொர்ணாம்பாள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தாள். பொம்மைக் கம்பெனிச் சூளையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்த அவள் கணவர் சக்கரபாணி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பாயில் கிடந்தார். குறட்டை இல்லை, அசைவும் இல்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மெதுவாத்தான் பேசுவேன் தம்பி, வூட்டுக்காரரு தூங்குறாரு... பாட்டா? ராக்கு பாட்டு. எம்பொண்ணு தமிழினி மெட்ராஸ்ல டிரம்ஸு அடிக்கிறா. பொண்ணுங்க நாலு பேரு சேந்து ஒரு குழு... ஆமாம், ஆமாம், அதுங்களே பாடி, அதுங்களே ரெக்கார்டு போட்டிருக்குதுங்க. மொத ரெக்கார்டு நம்ம வூட்டுக்குத்தான் வந்துச்சு... சந்தோசந்தான் தம்பி, கேக்கத்தான் முடியல! பாடுற பொண்ணு நல்லாத்தான் பாடுறா. கிடாரும் நல்லா வருது. எம்பொண்ணு அடிக்கிற எடம் வந்துச்சின்னா முள்ளு எகிறிப்போயி அடுத்த பாட்டுல விழுவுது. இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? ‘ஒம்பொண்ணு அடிக்கிற அடியில முள்ளே பயந்து ஓடுது’ங்கிறாரு... சிரிக்காதீங்க தம்பி! ஞாயித்துக்கெழம அவ வரா. வந்ததும் ‘கேட்டியாப்பா’ன்னுதான் நிப்பா. இவரு அவ அடிச்சி ஒரு தரம்கூட கேட்டதில்ல. இந்தவாட்டியாவது கேக்க வெச்சிடணும்.”

மறுமுனையில் செந்தமிழன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். சொர்ணாம்பாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“ஒண்ணு செஞ்சேன். சொன்னா திட்டக்கூடாது... எனக்கு பொம்மைக்குக் கலரு பூசுற வேல. சூளையில அடுக்குறப்ப ஒரு பலக ஆடுச்சின்னா, மேல ஒரு கனத்த வெச்சிடுவோம், ஆடாது. அந்த நெனப்புல முள்ளு தல மேல ஒரு யானைய வெச்சிட்டேன்... யானை தம்பி, யானை! பீங்கான் யானை, கட்டவெரலு அளவு. தும்பிக்க ஒடஞ்சதுன்னு ஒதுக்கிப் போட்டது... ஹலோ? இருக்கீங்களா?... கத்தாதீங்க, கத்தாதீங்க. தோ எடுத்துடுறேன்.”

அவள் பாயைத் தாண்டி ஓடி, யானையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். மூச்சு வாங்கியது.

“எடுத்தாச்சி... எத்தினி தரம் ஓட்டுனேனா? ரெண்டு தரம்... சரி, மூணு... அய்யய்யோ, முள்ளு தேச்சிடுமா? வீணாப்போயிருக்குமா தம்பி? ஒண்ணே ஒண்ணுதானே இருக்குது!... வெளிச்சத்துல சாச்சிப் பாக்கணுமா? தேஞ்சிருந்தா வெளுத்துத் தெரியுமா? இருங்க, இருங்க.”

பொம்மையின் மெருகில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று தினமும் சாய்த்துப் பார்க்கிற கண்கள் அவை. இசைத்தட்டை ஜன்னல் வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“வெளுக்கல தம்பி... எங்கயும் சாம்பல் பூத்தாப்ல இல்ல. கருகருன்னு மின்னுது... பொழச்சுதா? அப்பாடா! ஒங்க வாய்க்குச் சக்கர போடணும்... முள்ளு மாட்டியிருக்கிற அந்தச் சின்ன டப்பாவா? கார்ட்ரிட்ஜுங்கிறது அதுதானா? அந்தப் பழைய பொட்டியோட வந்தது. செராமிக்குன்னு எழுதியிருக்குது. பீங்கான்தானே, எங்க ஊரு சரக்கு!... என்னா? அதுதான் கொறையா? அய்ய, பீங்கான்ல என்னா கொற கண்டீங்க? கம்பத்துல கரண்டையே தாங்கிக்கிட்டு நிக்கிது!... ம்... ம்... வெறைப்பா நிக்கிதா... டிரம்ஸு அடிக்கு வளஞ்சி குடுக்காம எகிறிடுதா... சரி, சரி, ஒத்துக்கிறேன். எங்க ஊரு ஆளுங்க மாரிதான் போல. அப்ப நீங்க சொல்ற காந்தம் வெச்ச டப்பாவே போடுவோம்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்னால் குனிந்தாள்.

“காந்த டப்பாவுக்குன்னு போனோன்னு எழுதுன ஓட்ட இருக்குதான்னா? இருக்குது தம்பி. ஒண்ணும் சொருவல, ஒட்டடதான் சொருவியிருக்குது... அது போதுமா? நல்லது. வெல மட்டும் பாத்து சொல்லுங்க, தூக்கிவாரிப் போடக்கூடாது... முள்ளுல ரெண்டு தினுசா? நுனி உருண்டயா ஒண்ணு, முட்ட வாகுல ஒண்ணு... உருண்ட வெல கம்மியா? டிரம்ஸுக்குத் தாங்குமா?... எகிறாதா? சத்தியமா?... அப்ப அதையே குடுத்துடுங்க.”

பாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. துண்டு அப்படியே முகத்தில் இருந்தது.

“இருங்க தம்பி... ஏங்க, தூங்கலியா நீங்க?... என்னா?... சத்தமா சொல்லுங்க, துண்ட எடுத்துட்டு... தம்பி, இவரு கேக்கச் சொல்றாரு. டிரம்ஸுகூட அந்தப் பித்தளத் தட்டு சிலீர்னு சிதறுமே, அது எந்த முள்ளுல நல்லா விழும்ங்கிறாரு... முட்ட வாகுலயா?... ஏங்க, பித்தளத் தட்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?... செல்லுலயா? ராத்திரி சூளைகிட்ட ஒக்காந்து அவ வீடியோவ பாக்குறீங்களா?... எத்தினி நாளா?... அடப்பாவி மனுசா! தம்பி, இவரு திருட்டுத்தனமா பாத்துக்கிட்டு இருந்திருக்காரு!”

சக்கரபாணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காது மட்டும் சிவந்து தெரிந்தது.

“முட்ட வாகே இருக்கட்டும் தம்பி. கொஞ்சம் கூடத்தான் ஆவும், ஆவட்டும். பார்சல்ல அனுப்புனா எப்ப வரும்?... செவ்வாக்கெழமயா? அவ ஞாயித்துக்கெழம காலையில வராளே!... வேற வழி... அந்த முள்ளு தலைய மட்டும் திருகி எடுத்தாந்தா நீங்களே மாட்டிக் குடுத்துடுவீங்களா? இங்கருந்து யாரு தம்பி அம்மாந்தூரம்... ஏங்க? எங்க எழுந்திரிக்கிறீங்க? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது!... இப்பவேவா? மொதல்ல கடலூரு பஸ்ஸு புடிக்கணும்ங்க, அங்கருந்து மாறணும்... சரி, சரி, தெரியும், ஒங்களுக்கு எல்லாந் தெரியும்... தம்பி, பார்சலு வேணாம். பார்சலு வாங்கறவரே அங்க வராரு.”

முள் தலையைத் திருகி எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பையில் போட்டார் சக்கரபாணி. பிறகு யோசித்து, இசைத்தட்டையும் அட்டையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமலே செருப்பைத் தேடினார்.

சொர்ணாம்பாள் குரலை மறுபடியும் தாழ்த்தினாள்.

“தம்பி, வெச்சிடாதீங்க. ஒண்ணே ஒண்ணு. ரெக்கார்டையும் எடுத்துக்கிட்டு வராரு. முள்ள மாட்டுனதும் ஒங்க கடையிலயே போட்டு வுட்டுடுங்க... இல்ல தம்பி, வூட்டுல எல்லாரும் சேந்து கேக்கட்டும்னு நிறுத்தி வெக்க வேணாம். எங்க முன்னாடி கேட்டாருன்னா புடிக்காத மாரி மூஞ்ச வெச்சிக்குவாரு. அங்க தனியா கேக்கட்டும். ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் குடுங்க... ம்... நீங்க உள்ள ஏதாவது வேல இருக்கிற மாரி போயிடுங்க. டிரம்ஸு முடியிற வரைக்கும் வெளிய வராதீங்க... ஆமாம் தம்பி, எனக்கும் அழுவதான் வருது, வுடுங்க... ஏங்க! பொத்தானு மாத்திப் போட்டிருக்கீங்க! நில்லுங்க! தம்பி, கடைய சாத்திடாதீங்க, வெக்கிறேன்... ஏங்க...!”