கழிவுத் தண்ணீரில் கெண்டை மீன்

எண்பதுகளில் ஒருநாள், உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே தெருக்காரர்கள், ஆனாலும் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை. திடீரென்று இளையவள் சொன்னாள்:

"அக்கா, எங்க வூட்டுக்காரு, அவரு வேல செய்யற கம்பெனி கழிவுத் தண்ணில கெண்ட மீனு வுட்டாரு. சாவல, உயிரோட கீது."

"பூச்சி மருந்து கம்பெனித் தண்ணியிலயா? அது பட்டுத்தானே எங்க வரப்புல புல்லே கருகிப்போச்சு!"

"அதுக்குத்தானே நீங்க எங்களாண்ட பேச்ச வுட்டீங்க. இப்ப அந்தத் தண்ணிய வெளிய வுடறதில்லக்கா. தொட்டில புடிச்சி அன்னபேதின்னு ஒரு இரும்பு உப்பு போடறாங்க. புண்ணுல ஊத்துனா நுரைக்குமே, அந்த மருந்தையும் ஊத்தறாங்க. அடுப்புல வச்சாப்ல சூடாயி பொங்குது. உள்ள கீற விஷத்த ரெண்டும் சேந்து அரிச்சி ஒடச்சிடுதாம். அப்பால சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைக்கிறாங்க. அந்தத் தெளிஞ்ச தண்ணிலதான் மீனு வுட்டாரு."

"அவரு சொன்னாரா?"

"நானும் நம்பல. இட்டுக்கினு போயி காட்டுனாரு. நானே மோந்து பாத்தேன், அந்த நாத்தம் கொஞ்சங்கூட இல்ல."

பெருநகர் வந்ததும் மூத்தவள் எழுந்து, இளையவளின் கூடையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

"எங்க மாடு கன்னு போட்டுகீது. சாயங்காலம் சீம்பால் காச்சறேன். அவரையும் இட்டுக்கினு வா."