ஒரே ஒரு விதிவிலக்கு

கூடைப்பந்து வளையத்தில் வலை கிழிந்தால் நான் புதிது வாங்கமாட்டேன். ஏணி போட்டு ஏறி நானே முடிச்சுப் போட்டுவிடுவேன். பள்ளி விளையாட்டு ஆசிரியனுக்கு இதெல்லாம் பழக்கம்தான், ஐயா.

எனக்குக் குமட்டுவது தில்லுமுல்லு ஒன்றுதான். கல்யாணப் புடவை எடுக்கும் வயதுப் பெண்ணுக்கு இரட்டைச் சடை பின்னி, பள்ளி மாணவி என்று களத்தில் இறக்குவார்கள். விருந்து போட்ட அணி தப்பாட்டம் ஆடினால் நடுவர் விசிலை விழுங்கிவிடுவார். நானும் நடுவராக நின்றவன்தான். என் விசில் முகம் பார்த்து ஒலித்ததில்லை.

என் அக்கா மகள் அருமையான ஆட்டக்காரி. அக்கா இறந்தபின் தன் அப்பாவோடு ஊரின் மறுகோடியில் இருந்துகொண்டு, ஓர் உதவாக்கரை அணியில் வீணாகிக்கொண்டிருந்தாள். பள்ளி மாறினால் ஒரு வருடம் ஆடக்கூடாது என்பது விதி. அவளுக்கோ அது கடைசி வருடம். போட்டிக் குழுச் செயலாளரிடம் வழி கேட்டேன்.

"காப்பாளர் மாறினா உடனே ஆடலாம் மாஸ்டர். அதுக்கு அவங்கப்பா போய்ச் சேரணுமே!" என்று சிரித்தார். "இல்லேன்னா சொல்லுங்க, சான்றிதழ்ல கொஞ்சம் கைவச்சிடலாம்."

அருவருப்பாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மச்சானுக்கு ஆஸ்துமா. ஒரு மத்தியானம் போனபோது அவர் மட்டும்தான் இருந்தார். அறையெங்கும் தைல நாற்றம். கட்டிலடியில் மூடாத சளி டப்பா. நல்ல ஆட்டக்காரி வளர்கிற இடமா அது?

"அவளை எங்கிட்ட விட்டுடுங்க மச்சான்," என்றேன்.

"ஒரு வருஷம் சும்மா உக்காரவா? போங்க மாப்பிள்ளை. உங்க கோப்பை ஆசைக்கு எம்பொண்ணு ஏணியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமலில் மூச்சு முட்டியது. இன்ஹேலருக்குக் கை நீட்டினார். அது என் பக்கத்து மேசையில் இருந்தது. எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவரை நான் தொடவில்லை. நடுவர் ஆட்டக்காரரைத் தொடக்கூடாது, பார்க்க வேண்டும். பார்த்தேன். வாயோரம் எச்சில் ஒழுகியபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூச்சு அடங்கியபின் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

காப்பாளராக நான் கையெழுத்திட்டேன். கொடுத்தவை எல்லாமே அசல் சான்றிதழ்கள். அவள் ஆட்டத்தால்தான் இறுதிப்போட்டிவரை போனோம்.

இன்ஹேலரை அன்றே எறிந்திருக்க வேண்டும். போட்டிக்கால ஓட்டத்தில் மறந்துபோயிற்று. இறுதிப்போட்டி இடைவேளையில் முழங்கால் பட்டை தேடி என் பையைத் திறந்தவள் கையில் அது சிக்கியது. அப்பாவுக்காக அவளே ஒட்டிய பூப்படம் அதன்மேல் இருந்தது.

"மாமா... இதை வீடு பூரா தேடினேனே. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"ஆட்டம் முடியட்டும்மா, பேசலாம்," என்றேன். முன்னிலையில் இருந்தோம், ஐயா. அவள் கேட்கவில்லை. நேராக நடுவரிடம் போனாள். ஆட்டம் நின்றது. கோப்பையும் போயிற்று.

ஆமாம், கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் வீட்டு விவகாரத்தை மைதானத்துக்குள் கொண்டுவரும் ஆட்டக்காரர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.