ரோஜா இலையில் கரும்புள்ளி

— சிரிக்காதடா தம்பி. என் ரோஜாச்செடி அத்தனையிலும் இலை இப்படிக் கரும்புள்ளி விழுந்து கிடக்கு. நீ என்னடான்னா பல்லைக் காட்டுற.

— அக்கா, இந்தப் பூச்சிமருந்துக் கடை போட்டுப் பன்னெண்டு வருஷமாச்சு. கரும்புள்ளிக்கு மருந்து கேட்டு நம்ம ஊர்ல வந்த முதல் ஆளு நீதான்.

— ரொம்பப் பெருமை. மருந்தைக் குடு. அஞ்சு மணி பஸ்ஸுக்கு என் பொண்ணை அனுப்பணும்.

— இரு அக்கா. பக்கத்து ஊர்ல இதுக்கு மருந்து பெட்டி பெட்டியா போகுது. இங்க மட்டும் ஏன் இந்த நோய் எட்டிக்கூடப் பார்க்கலை?

— என் கைராசி.

— கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல. அனல்மின் நிலையத்துப் புகை. அவங்க எரிக்கிற கரியில கந்தகம் இருக்கு. இந்த டப்பாவைப் பாரு, இதுவும் கந்தகப் பொடிதான். கரும்புள்ளிங்கிறது ஒரு பூஞ்சை, அதுக்கு இது எமன். நான் காசுக்கு விக்கிறதை அந்தப் புகைபோக்கி ஊருக்கே ஓசியில தூவிக்கிட்டு இருந்துச்சு.

— ரோஜா பொழைச்சுது, என் பொண்ணு நெஞ்சு அடைச்சுப்போச்சு. நாலு படி ஏறினா உட்கார்ந்துடுறா. பாதிப் பேச்சுல மூச்சு நின்னுடுது. பெத்த பிள்ளையை பஸ்ல எட்டு மணி நேரம் தள்ளி, நம்ம தங்கச்சி வீட்டுல விட எனக்கென்ன ஆசையா?

— அதுக்குத்தான்கா வரேன். புகையைச் சுண்ணாம்புத் தண்ணியில கழுவி விட ஒரு கோபுரம் கட்டினாங்களே, ரெண்டு மாசம் முன்ன?

— கட்டினாங்க, ரிப்பன் வெட்டினாங்க. காத்து சுத்தம்னு வாசல்ல பலகையும் நிக்குது. அந்தப் பலகை பத்து வருஷமா அதையேதான் சொல்லுது.

— பலகை பொய் சொல்லும். பூஞ்சைக்கு அது தெரியாதுக்கா. கந்தகம் குறைஞ்சாத்தான் அது தலையெடுக்கும். எடுத்திருக்கு. உன் கையில இருக்கிற இலையே சாட்சி.

— ஒரு இலையை நம்பி டிக்கெட்டைக் கிழிக்கச் சொல்றியா?

— அவ கடைசியா எப்ப வெளிய வந்தா?

— எங்க விட்டேன்? ஒன்றரை மாசமா ஜன்னலைக்கூடத் திறக்கலை. கட்டிலை விட்டு எறங்க விடலை.

— அப்ப அவளுக்கு இப்ப எப்படி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— தம்பி, அங்க பாரு, தெருவுல யாரு வர்றது? ஏண்டி, வாசல்படி தாண்டாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.

— அம்மா, பையெல்லாம் கட்டியாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, உன்னை உடனே கூட்டிட்டு வரலாம்னு அப்பா சொன்னார், சைக்கிள்ல ஏறிக்கோன்னார், நான்தான் வேணாம்னுட்டு வீட்டுலேருந்து இங்க வரைக்கும் ஓடியே வந்தேன்.