லண்டனிலிருந்து வந்த பதில்கள்

“என் பொண்ணு யோசிச்சு யோசிச்சுப் பேசறா, அதான் பயமா இருக்கு.”

மைசூர் சிட்டி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் சொன்னார். அவர் பக்கத்தில் இருந்தவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள்.

“லண்டன் கால்தானேக்கா? வானத்துல ஒரே இடத்துல நிக்கற மாதிரி சாட்டிலைட் விட்டிருக்காங்க. நம்ம குரல் அவ்வளவு தூரம் ஏறி இறங்கணும். அதான் பதில் லேட்டா வருது.”

“ஹௌதா, அப்படியா? எல்லாப் பதிலும் லேட்டாத்தான் வருமா?”

“எல்லாமேதான். கவலப்படாதீங்க.”

அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை எப்படி இருக்கார்னு கேட்டேன். அதுக்கு மட்டும், நான் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே ‘நல்லா இருக்கார்மா’ன்னுட்டா.”