சகுந்தலாவின் படபடப்பு

சுக்குக் காபிக்கு வெல்லம் சரிவராது மேடம், பனைவெல்லம்தான் போட வேண்டும். செய்யூரில் எங்கள் தெருவில் மனைவிக்குத் தன் கையால் சுக்குக் காபி போட்டுக் கொடுக்கும் ஆண் நான் ஒருவன்தான். யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் மனைவி சகுந்தலாவுக்குச் சில வருடங்களாகவே படபடப்பு. வாசலில் என் பைக் சத்தம் கேட்டால் அவளுக்கு வியர்க்கும். பின்னால் போய் நின்றால் கையிலிருப்பதை நழுவவிடுவாள். இப்படிப்பட்டவளைத் தனியே விடலாமா? கூடத்திலும் சமையலறையிலும் கேமரா வைத்தேன். பேசும் வசதியுள்ளது. கடையிலிருந்தே செல்போனில் பார்த்து, "சகு, யாராண்ட பேசிகினு கீற?" என்று கேட்பேன். குரலை உயர்த்தும் பழக்கம் எனக்குக் கிடையாது.

"அத்த எடுத்துடுங்க. அது பேசுனா நெஞ்சு அடைக்குது" என்று ஒருநாள் அழுதாள். நோயாளியின் பேச்சைக் கேட்டா வைத்தியம் பார்ப்பது? படுக்கையறையிலும் ஒன்று மாட்டினேன்.

வேடந்தாங்கலில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். முன்பு ஒருமுறை போனபோது அங்கே நன்றாகத் தூங்கினாளாம். அது பயணக் களைப்பு. அனுப்பவில்லை.

அப்போதுதான் செல்போனில் ஒரு கட்டுரை வந்தது. மன அழுத்தத்தால் உடம்புக்குள் அழற்சி உண்டாகிறது, அதைத் தணிக்கும் மருந்து பதற்றத்தையும் தணிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சுண்டெலியின் கூண்டுக்குள் தினமும் ஒரு முரட்டு எலியை விடுவார்களாம். சுண்டெலி மூலையில் ஒடுங்கிவிடும். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தேறும். முரட்டு எலிக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதற்குத்தான் பதற்றமே இல்லையே. மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை என்று கடைசி வரியில் இருந்தது. கடைசி வரிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வீக்கத்துக்கும் வலிக்கும் கொடுக்கிற மாத்திரை கடையில் நிறைய இருந்தது. பொடித்து, காலையும் மாலையும் சுக்குக் காபியில் கலந்தேன். சுக்கின் காரத்தில் கசப்பு தெரியாது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பதறுவாள்.

சில வாரங்களில் வயிறு எரிகிறது என்றாள். படபடப்புதான் வயிற்றுக்கு இறங்கிவிட்டது என்று அளவைக் கூட்டினேன். பிறகு ஒரு மத்தியானம் சமையலறையிலேயே மயங்கி விழுந்தாள். கேமராவில் பார்த்தவுடன் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். "வலி மாத்திர ஏதாச்சும் சாப்ட்டுகினு இருந்தாங்களா? நல்லா யோசிச்சி சொல்லுங்க."

"இன்னா சார், நானே மருந்துக்கடைக்காரன். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

ரத்தம் ஏற்றினார்கள். தேறினாள். வார்டில் அவள் பக்கத்துக் கட்டில் பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுபோனது. போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். படபடப்பு திரும்பிவிட்டது. வைத்தியத்தைப் பாதியில் விட்டதன் பலன்.

மறுநாள் பிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுபோனேன்.

"டாக்டரு காரம் வேணாம்னு சொல்லிகீறாரு" என்றாள்.

"நான் போட்டது, குடி" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். குடித்துவிட்டாள். ரத்தம் கசிகிற வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆமாம் மேடம், தெரிந்துதான் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனாள்.

முட்டுக்காட்டில் கட்டிக் கொடுத்த என் மகள் துர்காதேவி நேற்று இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். "வா பாப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். அவள் அம்மாவுக்கு இருந்த அதே படபடப்பு. சின்ன வயது. கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும் மேடம், இப்போதே கவனித்தால் குணமாகிவிடும்.